எல்லாம் உலைக்குத்தான் போகிறது என்றால் குப்பையை எதற்குப் பிரிக்க வேண்டும்?

கேள்வி: தாம்வே வாசி

அனைவருக்கும் வணக்கம். யாங்கோனில் எங்கள் தெருவில் இருபுறமும் ஆறு மாடிக் கட்டடங்கள். கோயில் சங்கத்தின் இளைஞர் குழு சார்பில், வீடுதோறும் ஈரக் குப்பையைப் பச்சைப் பையிலும் உலர்ந்த குப்பையை நீலப் பையிலும் தனித்தனியாகக் கட்டி வைக்கச் சொல்லலாம் என்று பேசி வருகிறோம். மேல்மாடிக்காரர்கள் படியிறங்க வேண்டியதில்லை. பத்திரிகையை மேலே இழுக்கத் தொங்கவிட்டிருக்கும் அதே கிளிப் கயிற்றில் பையை மாட்டி, வண்டியின் மணிச் சத்தம் கேட்டதும் இறக்கிவிடலாம். பின்சந்தில் வீசும் வழக்கம் இதனால் குறையும் என்பது எங்கள் நம்பிக்கை.

கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஷ்வேபிதாவில் குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கிற ஆலை கட்டியிருக்கிறார்களே, எல்லாம் நெருப்பில் போகிறதற்கு இரண்டு பை எதற்கு? பிளாஸ்டிக்கையும் அட்டையையும் நீங்கள் பொறுக்கி விற்றுவிட்டால் அந்த உலை எதை வைத்து எரியும்?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. சங்கத்தில் யாரிடமும் பதில் இல்லை. எரித்து மின்சாரம் எடுப்பதும் மறுசுழற்சியும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலா, துணையா? நம் வீட்டுக் குப்பையிலிருந்து உண்மையில் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: கொதிகலன்காரர்

தம்பிக்கு வணக்கம். பிறந்த ஊர் பெகு; சிங்கப்பூரில் குப்பை எரிக்கும் ஆலை ஒன்றில் கொதிகலன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். ஷ்வேபிதா ஆலை ஜப்பானின் ஜேஎஃப்இ நிறுவனத்தால் கட்டப்பட்டு 2017 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 60 டன் குப்பையை எரித்து 700 கிலோவாட் மின்சாரம் எடுக்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. யாங்கோனில் ஒரு நாளில் சேரும் குப்பையோ 2,000 டன்னுக்கு மேல். அதாவது நூற்றில் மூன்று பங்குக்கு மேல் அந்த உலைக்குப் போக வழியில்லை. மற்றதெல்லாம் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. எனவே "எல்லாம் நெருப்பில் போகிறது" என்ற பேச்சே முதலில் சரியில்லை என்று பெரியவரிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

அந்த 700 கிலோவாட் இருபத்து நான்கு மணி நேரமும் முழுதாகக் கிடைத்தால் 16,800 யூனிட். 60 டன்னால் வகுத்தால் ஒரு டன்னுக்கு 280 யூனிட். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளைக்கு இரண்டு கிலோ குப்பை என்று வைத்துக்கொண்டால், அதன் பங்கு அரை யூனிட்டுக்குச் சற்றே அதிகம். மின்குக்கரில் ஒரு வேளைச் சோறு வடிக்கலாம். அதிலும் மின்விசிறிகள், பம்புகள், பளுதூக்கி என ஆலையே தன் தேவைக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். குப்பையிலிருந்து ஊருக்கே விளக்கெரியும் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

இப்போது பிரிப்பது பற்றி. நம் குப்பையின் பெரும்பகுதி காய்கறித் தோல், சோறு, மீன் கழிவு, வாழையிலை. இவற்றில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2.5 மெகாஜூல் வெப்பம் வேண்டும். குப்பைக்குள் இருக்கும் தண்ணீர் அந்த வெப்பத்தைத் தின்ற பிறகு மிஞ்சுவதுதான் கொதிகலனுக்கு வரும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உலர்ந்த பொருள் கிலோவுக்கு 16 மெகாஜூல் தரும் என்று கொள்வோம். நூற்றுக்கு 60 பங்கு நீருள்ள ஒரு கிலோ குப்பையில் உலர்ந்த பொருள் 400 கிராம். அது தரும் வெப்பம் 6.4. ஆவியாக்கப் போவது 1.5. மிச்சம் 4.9. அதே குப்பை வடிந்து நூற்றுக்கு 50 பங்கு நீருக்கு வந்துவிட்டால் மிச்சம் ஏறத்தாழ 6.7 ஆகிவிடும். வேறு எரிபொருள் சேர்க்காமல் குப்பை தானாக எரிய, கிலோவுக்கு 6 முதல் 7 மெகாஜூலாவது வேண்டும் என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. நீர் பத்துப் பங்கு குறைவதுதான் உலை எரிவதற்கும் எரியாமல் புகைவதற்கும் இடையிலுள்ள தூரம்.

இதனால்தான் லாரிகள் கொட்டும் குப்பையை எந்த ஆலையிலும் உடனே உலைக்குள் தள்ளுவதில்லை. ஆழமான கான்கிரீட் குழியில் சில நாட்கள் ஊறப் போட்டு, கழிவுநீர் அடியில் வடிந்த பிறகு, பளுதூக்கியின் பெரிய இரும்பு நகங்களால் அள்ளி, உயரத்தில் தூக்கி, மீண்டும் அதே குழியில் உதிர்ப்பார்கள். ஈரமும் உலர்ந்ததும் கலந்து ஒரே தரமாக வர வேண்டும் என்பதற்காக நாள் முழுதும் நடக்கும் வேலை அது. உலைக்கு வேண்டிய காற்றை அந்தக் குழிக்கு மேலிருந்தே உறிஞ்சுவதால் நாற்றம் வெளியே வராமல் உள்ளே இழுபடும். நன்றாக நடக்கும் ஆலையின் வாசலில் நின்றால் உள்ளே இருப்பது குப்பை என்றே தெரியாது. அடைமழை நாட்களில் மட்டும் எவ்வளவு கலக்கினாலும் உலைத் தட்டின் மேல் குப்பை கறுத்துப் புகையும். உலை வெப்பம் 850 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதால், துணை பர்னரில் டீசல் விட்டு வெப்பத்தைப் பிடித்து வைப்பார்கள். டீசலை எரித்து வாழைத்தோலை உலர்த்துகிற அந்த வேலைக்கு மின்னுற்பத்தி என்று பெயர் வைப்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஆகவே பெரியவரின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இது. ஈரக் குப்பையை அப்படியே விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கையும் அட்டையையும் மட்டும் உருவிக்கொண்டால் உலை படுத்துவிடும். அந்த அளவில் அவர் சொல்வது சரிதான். ஈரக் குப்பையையும் சேர்த்துப் பிரித்துவிட்டால் நிலைமை வேறு. விற்கக்கூடிய பிளாஸ்டிக் போனாலும் கிழிந்த துணி, ரப்பர் செருப்பு, காபி மிக்ஸ் பொட்டலம், கடையில் மீன் கட்டித் தரும் மெல்லிய பை ஆகியவை மிஞ்சும். இவற்றை எவரும் வாங்கமாட்டார்கள், ஆனால் நன்றாக எரியும்.

ஐரோப்பாவில் தேவைக்கு மேல் உலைகளைக் கட்டிவிட்டுக் குப்பைக்கு அலைகிற நிலை உண்டு. சுவீடன் வெளிநாட்டிலிருந்து குப்பையை இறக்குமதி செய்தே உலைகளை ஓட்டுகிறது. நூற்றில் மூன்று பங்குக்கு உலை உள்ள நமக்கு அந்தக் கவலை இந்தத் தலைமுறையில் வராது.

பதில்: மோல்மேன் டீச்சர்

அண்ணனின் கணக்கு தெளிவாக இருக்கிறது. வேதியியல் கற்பிப்பவள் என்ற முறையில், அவர் தொடாத புகையையும் சாம்பலையும் பற்றிச் சேர்க்க விரும்புகிறேன்.

குளோரின் உள்ள பொருள்கள், குறிப்பாகப் பிவிசி குழாய், மின்கம்பி உறை, ரெக்சின் போன்றவை, அரைகுறை வெப்பத்தில் எரியும்போது டையாக்சின் என்னும் நச்சுச் சேர்மங்கள் உண்டாகின்றன. உடலின் கொழுப்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் நீங்காதவை இவை. எரிந்து வரும் வாயு 850 டிகிரியில் குறைந்தது இரண்டு விநாடி தங்கினால் டையாக்சின் சிதைந்துவிடும். அண்ணன் சொன்ன அந்த எண்ணுக்குக் காரணம் இதுதான். ஆனால் அதே வாயு குளிரும்போது, ஏறத்தாழ 400 டிகிரிக்கும் 200 டிகிரிக்கும் இடையில் மெதுவாக இறங்கினால், சாம்பல் தூசியின் மேற்பரப்பில் டையாக்சின் மறுபடியும் உருவாகும். எனவே வாயுவை அந்த இடைவெளியில் வேகமாகக் குளிரவைக்க வேண்டும். பிறகு அமிலத்தை நீக்கச் சுண்ணாம்பும், டையாக்சினையும் பாதரசத்தையும் பிடிக்க செயலூட்டப்பட்ட கரித்தூளும் தூவி, துணிப்பை வடிகட்டிகளின் வழியே செலுத்திய பின்னரே புகைபோக்கிக்கு விட வேண்டும். இந்தச் சுத்திகரிப்புக்கு ஆகும் செலவு உலைக்கு ஆகும் செலவுக்குச் சளைத்ததன்று. சிக்கனம் பார்க்கும் நிர்வாகம் முதலில் கைவைக்கும் இடமும் இதுதான். ஒரு நல்ல ஆலையை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டால், எத்தனை கிலோவாட் என்பதை விட்டுவிட்டு, அதன் வடிகட்டியில் சேரும் தூசி எங்கே போகிறது என்று விசாரியுங்கள் என்பேன்.

எரிப்பதால் குப்பையின் கன அளவு பத்தில் ஒன்றாகக் குறையும் என்பது உண்மை. எடையில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். உலையின் அடியில் விழும் சாம்பல் ஒருவகை. அதிலிருந்து இரும்பைக் காந்தத்தால் எடுத்துவிடலாம். வடிகட்டியில் சிக்கும் நுண்சாம்பல் வேறு வகை. கன உலோகங்களும் டையாக்சினும் அதில் செறிந்திருப்பதால் அது நச்சுக் கழிவு. சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் சாம்பலைத் துவாஸிலிருந்து படகில் ஏற்றிச் செமக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். 1999இல் திறந்த அந்த இடம் 2045 வரை தாங்கும் என்று முன்பு மதிப்பிட்டிருந்தார்கள்; இப்போது 2035 என்று சொல்கிறார்கள். அவ்வளவு திறமையாக எரிக்கும் ஊருக்கே சாம்பல் கொட்ட இடம் தீர்ந்து வருகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் உலைக்கு எதிரி இல்லை. நம் ஊரில் அதற்கு மாற்றாக இருப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். லைங்தாயாவில் உள்ள தெய்ன்பின் குப்பைமேடு 2018 ஏப்ரலில் தீப்பற்றியபோது, மேலே தண்ணீர் அடிக்க அடிக்க அடியில் கனன்றுகொண்டே இருந்தது; புகை நகரின் மேல் நாள்கணக்கில் கவிந்தது. ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகும்போது உண்டாகும் மீத்தேன்தான் இப்படிப்பட்ட மேடுகளை எரியும் நிலையில் வைத்திருக்கிறது. அதே மீத்தேன் எரியாமல் வெளியேறினாலும், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். எந்தத் தெருவிலும் மாலையில் பிளாஸ்டிக்கையும் சருகையும் கூட்டிக் கொளுத்துகிறார்களே, அந்தத் தீயின் வெப்பம் டையாக்சின் சிதையும் அளவுக்கு ஒருபோதும் ஏறுவதில்லை. வடிகட்டியும் இல்லை, பக்கத்தில் குழந்தைகள் வேறு நிற்கிறார்கள். உங்கள் இளைஞர் குழு வேறெதுவும் செய்ய முடியாவிட்டாலும், இதை நிறுத்தினால் போதும்.

மறுசுழற்சிக்கும் எரிப்புக்கும் ஓர் ஒப்பீடு சொல்கிறேன். தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கி வார்க்க அந்த ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்கு போதும். அண்ணனின் கணக்குப்படி ஒரு டன்னுக்கு 280 யூனிட் என்றால், 14 யூனிட் எடுக்க 50 கிலோ குப்பையை எரிக்க வேண்டும். ஒரு கிலோ குளிர்பான டின்னை எடைக்குப் போடுவதும் ஒரு மூட்டை அரிசியின் எடையுள்ள குப்பையை உலையில் போடுவதும் ஆற்றல் கணக்கில் ஏறத்தாழ சமம். அந்த டின்னையே உலையில் போட்டால் உருகிச் சாம்பலோடு கட்டியாகிவிடுமே தவிர, மின்சாரத்துக்கு ஒரு பயனும் இல்லை. கண்ணாடியும் அப்படித்தான்.

பதில்: வீசைக் கணக்கு

பழைய சாமான் வாங்கி விற்கும் தொழில் எங்களுடையது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த அட்டைக்கு வீசைக்கு, அதாவது எடைக்கு, ஒரு விலை உண்டு. மீன்குழம்பு வடிந்த அட்டையை எவரும் தொடமாட்டார்கள். தண்ணீர்ப் பாட்டில், அலுமினியம், பித்தளை, பால் டின் ஆகியவை எப்போதும் போகும். தேநீர்க் கடைக்காரர்கள் பால் டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதால் அவர்களுக்கு நல்ல விலை கிடைக்கிறது. வீடுகளில் இருந்து வருவது எறும்போடு வருகிறது. காபி மிக்ஸ் உறையில் பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டிக்கிடப்பதால் அதைப் பிரித்தெடுக்கும் வழி எங்களிடம் இல்லை. வெற்றிலை கட்டித் தரும் சிறு பையும் அவ்வாறே. நீங்கள் இரண்டு பை வைத்தாலே குப்பைமேட்டில் குனிந்து பொறுக்குகிறவர்களுக்குப் பாதி வேலையும் பாதி நோயும் குறையும். உலைக்கு எரிபொருள் குறைகிறதே என்று கவலைப்படும் பெரியவர், பல காலமாக அந்த எரிபொருளை அள்ளிக்கொண்டிருக்கும் இவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பதில்: தாம்வே வாசி

மூவருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தில் இந்தக் கணக்குகளை அப்படியே பலகையில் எழுதிக் காட்டப் போகிறோம். ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. பச்சைப் பையில் சேரும் ஈரக் குப்பையை உலைக்கும் அனுப்பக் கூடாது, மேட்டிலும் கொட்டக் கூடாது என்றால் என்னதான் செய்வது? கோயில் மடப்பள்ளியில் மட்டும் அன்னதான நாட்களில் கூடை கூடையாகச் சேர்கிறது. மாடி வீடுகளில் உரக்குழி வெட்ட இடமும் கிடையாது.

பதில்: ப்யாபோன் ஆலைக்காரர்

ஐராவதி டெல்டாவில் அரிசி ஆலை நடத்துபவன். எங்கள் பக்கத்தில் உமியை வாயுவாக்கி இயந்திரம் ஓட்டுவது பழைய பழக்கம். அது உலர்ந்த பொருளுக்கான முறை. அதன் தார்க்கழிவு நீரை வாய்க்காலில் விட்டு மீனைக் கொன்ற ஆலைகளும் உண்டு, பெருமைப்பட ஒன்றும் இல்லை. உங்கள் ஈரக் குப்பைக்கு ஏற்றது சாண எரிவாயுக் கலன். தண்ணீர் உலைக்குப் பகை என்று கொதிகலன்காரர் ஐயா எழுதினாரே, இந்தக் கலனுக்கு அதே தண்ணீர்தான் உயிர். ஆவியாக்க வெப்பமும் செலவாவதில்லை.

ஒரு டன் உணவுக் கழிவுக்கு ஏறத்தாழ 100 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதில் மீத்தேன் நூற்றுக்கு 60 பங்கு. மடப்பள்ளியில் நாளொன்றுக்கு 20 கிலோ சேர்ந்தால் 2 கன மீட்டர் வாயு. ஓர் அடுப்பை ஐந்து மணி நேரம் போல எரிக்கலாம். இதை மின்சாரமாக மாற்ற வேண்டாம்; சிறு இயந்திரத்தில் மாற்றும்போது முக்கால் பங்கு வெப்பமாகவே போய்விடும். சமையலுக்கே பயன்படுத்துங்கள்.

தொடங்கும்போது பசுஞ்சாணம் கரைத்து ஊற்றி, வாயு எரியத் தொடங்கிய பின்பே கழிவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். அன்னதானத்தன்று சேர்ந்த அவ்வளவையும் ஒரே நாளில் கொட்டினால் உள்ளே புளித்துப்போய் வாயு நின்றுவிடும். எலுமிச்சைத் தோலும் எண்ணெயும் அளவோடு இருக்கட்டும். வாழையிலையை முழுதாகப் போட்டால் மிதந்து அடைத்துக்கொள்ளும். நறுக்கிப் போட முடியாவிட்டால் உரமாக்குவதே நல்லது. மாலைகளில் இருந்து நாரையும் ஜிகினாவையும் நீக்கிவிடுங்கள். தேங்காய்ச் சிரட்டையைக் கலனிலும் போட வேண்டாம், பையிலும் கட்ட வேண்டாம். உலர்ந்த சிரட்டை கிலோவுக்கு 18 மெகாஜூலுக்குக் குறையாது, மடப்பள்ளி அடுப்பிலேயே எரியட்டும். கலனை மூடிய அறையில் வைக்காமல், காற்றோட்டமான கொல்லைப்புறத்தில் வைப்பது அவசியம்.

மாடி வீடுகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. கோயில் கலனில் இடம் இருக்கும் வரை அருகிலுள்ள வீடுகளின் பச்சைப் பையை அங்கே எடுத்துக்கொள்ளலாம். மற்ற வீடுகள் ஈரக் குப்பையைச் சல்லடைக் கூடையில் ஓர் இரவு வடியவிட்டுக் கட்டினால், எங்கே போனாலும் பாரம் குறையும்.

பதில்: கொதிகலன்காரர்

ஆலைக்காரர் சொன்ன சல்லடைக் கூடை நல்ல யோசனை. குழியில் நாங்கள் சில நாட்கள் செய்வதன் ஒரு பகுதி வீட்டிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு பெட்டியையும் தெருமுனையில் வையுங்கள். டார்ச் பேட்டரி, பழைய கைப்பேசி பேட்டரி, குழல் விளக்கு ஆகியவை இரண்டு பையிலும் சேரக் கூடாது. குழல் விளக்கின் பாதரசம் வாயுவாகிப் புகையோடு கிளம்பும். கைப்பேசி பேட்டரி லாரியிலோ குழியிலோ நசுங்கினால் தானாகத் தீப்பிடிக்கும், குழிக்குள் பிடித்த தீயை அணைப்பது எளிதன்று. கரண்ட் போகும்போது பயன்படுத்தும் இன்வெர்ட்டர் பேட்டரி பழுதானால் சந்தில் வைத்து உடைத்து ஈயம் எடுக்க யாரையும் விட வேண்டாம். அமிலம் வடிக்காமல், மூடி திறக்காமல், பேட்டரி விற்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள்.